எட்டு வீடும் ஒரு கிணறும்

கிளிநொச்சி
2024 மார்ச் 12

கலிஸ்ரா,

வெள்ளிக்கிழமை முதல் உன்னை ஆறு முறை அழைத்தேன். ஐந்து முறை மணி அடித்தது. ஆறாவது முறை அடிக்கவில்லை. என் இலக்கத்தைத் தடுத்துவிட்டாய் என்று விளங்கியது. அதனால் எழுதுகிறேன். உயர்தர வகுப்பில் இரண்டு வருடம் ஒரே வாங்கில் இருந்த எங்களுக்குள் இதுவரை கடிதம் எழுதத் தேவை வந்ததில்லை.

யாக்கோப்புச் சம்மாட்டியைப் பொலிஸ் கொண்டுபோன செய்தி பேப்பரில் நாலு வரிதான் வந்தது. பெயர் போடவில்லை. இந்தியாவில் இருந்து சட்டவிரோதமாக வந்த மஞ்சளுடன் அறுபத்து நாலு வயது மீனவர் ஒருவர் கைது என்று மட்டும் இருந்தது. வயதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பெப்ரவரி 21ஆம் திகதி அவரிடம் வயது கேட்டு எழுதியவள் நான்.

ஊரில் என்ன கதைப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறது. புள்ளிவிபரக் கந்தோர்க்காரி ஒருத்தி படிவத்தோடு வீடு வீடாக வந்தாள். கூட்டிக்கொண்டு வந்தது முன்பள்ளி ரீச்சர். இரண்டு கிழமை கழித்துப் பொலிஸ் வந்தது. ஆகவே, நாங்கள் என்ன செய்தோம் என்பதை ஒழுங்காகச் சொல்கிறேன். நீ ஊருக்குச் சொல்லலாம்.

நாட்டுக்குள் எவ்வளவு பொருள் வருகிறது என்று அளப்பவர்கள் முதலில் பார்ப்பது சுங்கப் பத்திரத்தை. துறைமுகத்தில் ஒரு பெட்டி இறங்கினால் அதற்கு ஒரு பத்திரம் இருக்கும். பொருளின் விலை, கப்பற்கூலி, காப்புறுதி எல்லாம் அதில் வரும். பத்திரம் இல்லாமல் வந்த பொருள் அந்தக் கணக்குக்கு வராத பொருள். சேவை இன்னும் சிக்கல். யாக்கோப்புவின் மனைவி திரேசம்மா மதுரைக்குப் போய்க் கண்ணில் புரை வெட்டுவித்துக்கொண்டு வந்தா. அந்த வைத்தியருக்குக் கொடுத்ததும் இந்த நாட்டின் இறக்குமதிதான். ஆனால் திரும்பி வரும்போது கண்ணைத் திறந்து காட்டச் சொல்லி விமான நிலையத்தில் யாரும் கேட்பதில்லை. சனத்திடம் கேட்டால்தான் தெரியும். அதனால்தான் மூன்று கரையோரக் கிராமங்களைத் தெரிந்தெடுத்துக் கேட்டோம்.

படிவத்தில் பெயர் இல்லை. வீட்டுக்கு ஓர் இலக்கம் மட்டும். எல்லாம் உறையில் இட்டு ஒட்டி அலுவலக அலுமாரியில் பூட்டியிருக்கிறது. வேறெந்தத் திணைக்களத்துக்கும் கொடுக்கச் சட்டம் இடம் தராது. ஒரு படிவம்கூட எங்கள் கையை விட்டு வெளியே போகவில்லை.

இதை எழுதித் தரவேண்டிய கடமை எனக்கு இருக்கிறது என்று நினைத்தேன். அம்மா உன்னைச் சுகம் கேட்டா.

அருந்ததி

*

செபஸ்தியார் குடியிருப்பு
மார்ச் 20

அருந்ததிக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமல் வேலிக்கு மேலால் எறிந்துவிட்டுப் போனார். முன்பென்றால் இறங்கி ஒரு தேத்தண்ணி குடிப்பார்.

நீ கந்தோரில் இருந்து எழுதியிருக்கிறாய். நான் இங்கே நடந்ததை எழுதுகிறேன்.

மார்ச் 7, வியாழன். விடிந்து சூரியன் வரவில்லை. கரைவலைக்குப் போகிற ஆட்கள் செபஸ்தியார் சுருவத்தடியில் நின்றார்கள், என் மனுசன் மெல்ரொனும் நின்றார். ஜீப் வந்து நின்றது. இறங்கியவர்களில் ஒருவரின் கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. அவர் தாளைப் பார்த்தார். சுருவத்தைப் பார்த்தார். கொஞ்சம் நடந்து கிணற்றைப் பார்த்தார். கிணற்றடியில் இடப்பக்கம் திரும்பினார். நாற்பத்தொரு வீடு இருக்கிற கரையில் ஒரு படலையைத்தான் திறந்தார்கள். யாரிடமும் வழி கேட்கவில்லை.

குசினிக்குப் பின்னால் ஒரு மூட்டை மஞ்சள் இருந்தது. தைலப் போத்தல் ஒரு பெட்டி இருந்தது. யாக்கோப்பு மாமா சாரத்தோடு ஏறிப்போனார். சேட் எடுத்துக் கொடுக்கத் திரேசம்மா மாமி பின்னால் ஓடினா. ஜீப் நிற்கவில்லை.

அன்று மத்தியானம் நான் அவவிடம் போனேன். கத்துவா, திட்டுவா என்று நினைத்துத்தான் போனேன். அவா அந்தச் சேட்டை மடித்துக்கொண்டிருந்தா. நிமிர்ந்து பார்க்காமல் சொன்னா:

"நீ கூட்டிக்கொண்டு வந்தபடியாத்தான் பிள்ளை நாங்கள் வாயைத் திறந்தனாங்கள்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை.

என் முன்பள்ளியில் பத்தொன்பது பிள்ளைகள். இன்று ஐந்து. அந்த ஐந்தில் இரண்டு என் தங்கச்சியின் பிள்ளைகள். மெல்ரொன் அடுத்த நாள் கரைக்குப் போனபோது யாக்கோப்பு மாமாவின் வலையை இப்போது பார்க்கிற அவரின் தம்பி செபமாலை, "இண்டைக்கு ஆள் காணும், நீ தேவையில்லை" என்றாராம். மறுநாளும் ஆள் காணுமாம். இருபத்திரண்டு பேர் இழுக்கிற வலையை இப்போது பதினாறு பேர் இழுக்கிறார்கள். அப்படியும் ஆள் காணுமாம்.

எனக்குக் கப்பற்கூலியும் வேண்டாம், காப்புறுதியும் வேண்டாம். என் கேள்வி சின்னன். நீ குடுத்தியா? ஓம் அல்லது இல்லை.

கலிஸ்ரா

*

கிளிநொச்சி
மார்ச் 27

கலிஸ்ரா,

இல்லை. நான் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை.

நீ எழுதிய தாள் என்னவாக இருக்கும் என்று யோசித்தேன். கணக்கெடுப்பின் கடைசி நாள் உன் முன்பள்ளியில் இருந்து நான் ஒரு படம் வரைந்தேன். நீ பக்கத்தில் இருந்தாய். ஏன் வரைந்தேன் என்று உனக்கு அப்போது சொன்னேனோ தெரியாது. இப்போது சொல்கிறேன்.

யாக்கோப்புச் சம்மாட்டி தன் வீட்டுக்கு மூன்று மாதத்தில் நாற்பது கிலோ மஞ்சள் வந்ததாகச் சொன்னார். வேறு எட்டு வீட்டுக்காரர் ஆளுக்கு மூன்று கிலோ, நாலு கிலோ என்று சொன்னார்கள். எட்டு வீட்டையும் கூட்டினால் முப்பத்தொரு கிலோ. எல்லாவற்றையும் அப்படியே கூட்டினால் எழுபத்தொன்று. ஆனால் இந்த முப்பத்தொன்றும் அந்த நாற்பதுக்குள்தான் இருந்தது. அவர் வீட்டில் இருந்துதான் மற்றவர்கள் வாங்கினார்கள். ஒரே மஞ்சள் இரண்டு முறை நாட்டுக்குள் வந்ததாகக் கணக்கு ஏறக்கூடாது. எங்கள் தொழிலில் இது பெரிய பிழை. ஆகவே எந்த வீட்டில் இருந்து எந்த வீட்டுக்குப் போனது என்று காட்ட ஒரு வட்டமும் எட்டுக் கோடும் போட்டேன். இடம் விளங்கச் சுருவத்தையும் கிணற்றையும் குறித்தேன். கிணற்றையும் அதன் பக்கத்து வட்டத்தையும் முதலில் பாதையின் வலப்பக்கம் போட்டிருந்தேன். அழித்து இடப்பக்கம் போட்டேன். மேலே மஞ்சள் என்று எழுதினேன். பெயர் எழுதவில்லை.

உன் கடிதம் கிடைத்த அன்றே அலுமாரியைத் திறந்து பார்த்தேன். உறை ஒட்டியபடி இருந்தது. மேலதிகாரி தயாபரன் சேரிடம் அனுமதி கேட்டு அவர் முன்னிலையில் பிரித்தேன். இரண்டு தாளும் உள்ளே இருக்கின்றன.

பொலிசுக்கு வேறு வழியிலும் தகவல் போயிருக்கலாம். மஞ்சள் மன்னார்ப் பக்கத்தில் இருந்து மீன் லொறியின் ஐஸ் பெட்டிக்குள் வந்தது என்று நீதான் சொன்னாய். லொறிக்குச் சாரதி உண்டு, ஐஸ் போட்டவர் உண்டு. நான் யாரையும் குற்றம் சாட்டவில்லை. நடக்கக்கூடியதைச் சொல்கிறேன்.

இந்தக் கிழமை எனக்கு நித்திரை சரியில்லை.

அருந்ததி

*

செபஸ்தியார் குடியிருப்பு
ஏப்ரல் 3

அருந்ததி,

பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தமிட வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஆட்கள் நின்றார்கள். எனக்குப் பின்னால் ஆறடி வெறும் சீமெந்து நிலம். அதற்குப் பிறகுதான் அடுத்த ஆள். வரிசை நகர நகர அந்த ஆறடியும் எங்களோடு நகர்ந்து வந்தது. மெல்ரொன் கவனித்துவிட்டு வந்து அந்த இடத்தில் நின்றார். அவர் ஏற்கெனவே முத்தமிட்டுவிட்டார். இரண்டாம் முறையும் முத்தமிட்டார்.

ஊர் உன்னைப் பற்றிக் கதைப்பதில்லை. நீ கிளிநொச்சிக்காரி, கந்தோர்க்காரி, நாலு நாளில் போனவள். அவர்கள் கதைப்பது என்னைப் பற்றி. காட்டிக்கொடுக்கிறதுக்கு அரசாங்கம் ரீச்சருக்குச் சம்பளம் தருகுதாம் என்று கிணற்றடியில் ஒரு கதை. என் சம்பளம் எவ்வளவென்று தெரிந்தால் சிரிப்பார்கள்.

லொறிச் சாரதியைப் பற்றி எழுதியிருந்தாய். அவரிடம் தாள் இல்லை. அவர் எங்கள் கரைக்கு உள்ளே வந்ததும் இல்லை, றோட்டில்தான் நிற்பார்.

உன் கடிதத்தை நாலு முறை வாசித்தேன். ஒரு வரி தொண்டையில் மீன்முள்ளைப் போல நிற்கிறது. இரண்டு தாளும் உள்ளே இருக்கின்றன என்று எழுதியிருக்கிறாய்.

நீ என் முன்னால் வரைந்தது ஒரு தாள். இரண்டாவது எங்கிருந்து வந்தது?

கலிஸ்ரா

*

கிளிநொச்சி
ஏப்ரல் 10

கலிஸ்ரா,

இரண்டாவது அதன் பிரதி. மூன்றாவதும் ஒன்று இருந்தது.

பெப்ரவரி 22, வியாழன். படத்தின் பிரதி ஒன்று மறுநாள் காலை தயாபரன் சேரின் மேசையில் இருக்கவேண்டும். பிரதியை அலுவலகத்தில்தான் எடுக்கவேண்டும் என்பது விதி. அலுவலக இயந்திரத்துக்கு மை முடிந்து ஒரு மாதம். வெளிநாட்டில் இருந்து வரவேண்டும் என்று காத்திருந்தார்கள். முல்லைத்தீவு பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. கிளிநொச்சி பஸ் மூன்று நாற்பதுக்கு. நான் கடைக்குள் போகும்போது மூன்று முப்பத்தைந்து.

முதல் பிரதி நடுவில் கறுப்புக் கோடு விழுந்து வந்தது. அதைக் கண்ணாடி மேசையில் ஒதுக்கி வைத்தேன். இரண்டாவது நன்றாக வந்தது. "அக்கா, பஸ் வெளிக்கிடுது" என்று கடைப்பிள்ளை சொன்னா. ஓடி ஏறினேன்.

ஒட்டுசுட்டான் தாண்டியதும் யானை றோட்டில் நின்றதால் பஸ் இருபது நிமிடம் நின்றது. அப்போதுதான் கெட்டுப்போன தாள் நினைவுக்கு வந்தது. இறங்கி எதிர்ப்பக்க பஸ் பிடிக்கலாமா என்று ஒருமுறை யோசித்தேன். கெட்டுப்போன தாள்தானே, குப்பையில் போட்டிருப்பார்கள் என்று இரண்டாம் முறை யோசித்தேன். யானை விலகியது. பஸ் போனது.

போன சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். கடைப்பிள்ளைக்குப் பெயர் வினோஜா. என்னை அவவுக்கு நினைவில்லை. தாளை நினைவிருந்தது.

"கெட்ட தாளெல்லாம் பின்பக்கத்தில பில் எழுத வைச்சிருக்கிறனாங்கள் அக்கா. ஒராள் பில்லைத் திருப்பிப் பாத்திட்டு, இதென்ன மஞ்சளுக்கும் மப் கீறி வைச்சிருக்கினம் எண்டு சிரிச்சவர். பிறகு வடிவா மடிச்சுப் பொக்கற்றுக்குள்ள வைச்சவர்."

யார் என்று கேட்டேன். தெரியாதென்றா. அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த மனிதரைத் தேடிப் பிடித்தால் என் பிழை அவருடைய பிழையாகிவிடும் என்ற ஆசை எனக்குள் இருந்ததைக் கண்டேன்.

ஒரு படிவம்கூட வெளியே போகவில்லை என்று முதல் கடிதத்தில் எழுதினேன். சொல் சொல்லாகப் பார்த்தால் அது சரி. போனது படிவம் இல்லை, படம். அதை எழுதும்போது அப்படிச் சரியாக வரும்படி பார்த்துத்தான் எழுதினேன். பேப்பரில் அந்த நாலு வரியை வாசித்த அன்றே எனக்குக் கறுப்புக் கோடு விழுந்த தாள் நினைவுக்கு வந்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து வெளிக்கிடும்போது திரேசம்மா அரைக் கிலோ மஞ்சளைப் பேப்பரில் சுற்றி என் பைக்குள் வைத்தா. ஜெயபுரத்தில் எங்கள் வீட்டில் அம்மா அதை இடித்துப் போத்தலில் போட்டா. இன்றைக்கும் குசினியில் இருக்கிறது. அதை நான் எந்தப் படிவத்திலும் எழுதவில்லை. இரண்டு முறை எண்ணிவிடக்கூடாது என்று படம் கீறியவள், என் வீட்டுக்கு வந்ததை ஒருமுறைகூட எண்ணவில்லை.

அலுவலகத்தில் இதைச் சொல்லவில்லை. சனம் தந்த தகவல் வெளியே போகவிட்டால் தண்டனை உண்டு, வேலையும் போகலாம். அப்பாவுக்கு இரண்டு போகம் நெல் சரிவரவில்லை. வீட்டில் நிலையான வருமானம் என்னுடையது மட்டும். இவற்றை எழுதும்போதே சாட்டுப்போல இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், நீ முழுவதையும் தெரிந்திருக்க வேண்டும்.

என்னை மன்னித்துக்கொள்.

அருந்ததி

*

செபஸ்தியார் குடியிருப்பு
ஏப்ரல் 19

அருந்ததி,

வாசித்தேன். மெல்ரொனுக்குக் காட்டவில்லை. அவர் பஸ் ஏறி உன் கந்தோருக்கு வந்துவிடுவார்.

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். அதைக் கொண்டு நான் என்ன செய்ய? முன்பள்ளிக் கதவில் ஒட்டவா?

யாக்கோப்பு மாமாவுக்கு விளக்கமறியலை மூன்றாம் முறையும் நீடித்துவிட்டார்கள். சீனி வருத்தக்காரர். கால் வீங்கிச் செருப்புப் போட முடியவில்லை என்று பார்க்கப் போனவர்கள் சொன்னார்கள். அவர் மஞ்சள் விற்றது பிழைதான், அதற்கு வழக்கு நடக்கட்டும். ஆனால் எங்களை நம்பிச் சொன்னதற்கு உள்ளே இருக்கிறார்.

மே 5 ஞாயிறு பூசைக்குப் பிறகு பாதர் ஊரைக் கூட்டுகிறார். என்னை முன்பள்ளியில் வைத்திருப்பதா, நிற்பாட்டுவதா என்பதுதான் கதை. ஊருக்கு எழுது. உன் பெயர், பதவி, கையெழுத்து எல்லாம் போட்டு எழுது. எப்படி நடந்ததென்று நீயே சொல். பாதர் வாசிப்பார்.

உன் வேலை போகலாம் என்று தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன். ஜெயபுரத்தில் உன் அம்மா எனக்குச் சோறு போட்டவா. அவவின் முகம் கண்ணில் நிற்க நிற்கத்தான் இதை எழுதுகிறேன். நான் நல்லவள் என்று நினைத்துக்கொண்டு எழுதவில்லை.

கிணற்றைப் பற்றி நீ எழுதிய வரியும் நினைவிருக்கிறது. அழித்து இடப்பக்கம் போட்டேன் என்று எழுதியிருந்தாய். யார் சொல்லி அழித்தாய் என்பதை எழுதாமல் விட்டிருக்கிறாய். நான் கேட்காமல் நீ எனக்குச் செய்த உதவி அது. அது எனக்குப் பாரமாக இருக்கிறது.

கலிஸ்ரா

*

கிளிநொச்சி
ஏப்ரல் 29

கலிஸ்ரா,

நீ கேட்ட கடிதம் இதனோடு இருக்கிறது. ஊருக்குச் சொல்லுமுன் அலுவலகத்துக்குச் சொல்வதுதான் முறை என்று நினைத்தேன். 24ஆம் திகதி தயாபரன் சேரிடம் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். கடைசியில், "பிரதி எத்தினை எடுத்தனீர்?" என்று கேட்டார். இரண்டு என்றேன். "எனக்கு ஒண்டுதானே வந்தது. நானாவது கேட்டிருக்க வேணும்" என்றார். பிறகு எழுத்தில் தரச் சொன்னார். தந்தேன். என்னைக் களவேலையில் இருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை ஜூனில். என்ன முடிவு வரும் என்று தெரியாது.

உங்கள் ஊரின் படிவங்கள் எல்லாவற்றையும் ஆய்வில் இருந்து நீக்கிவிட்டார்கள். அட்டவணையில் உங்கள் வரிசை வெறுமையாக இருக்கும். பிடிபட்ட மஞ்சளை எரிப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். எரிவதும் வீடுகளுக்குப் போனதும் சேர்த்து அந்த நாற்பது கிலோ சுங்கப் பத்திரத்திலும் இல்லை, எங்கள் அட்டவணையிலும் இல்லை. நாட்டுக்குள் வரவே இல்லை. யாக்கோப்புச் சம்மாட்டி மட்டும் உள்ளே இருக்கிறார்.

கிணற்றைப் பற்றி இணைத்திருக்கும் கடிதத்தில் ஒன்றும் எழுதவில்லை. கோடு போட்ட கை என்னுடையது, தாளை விட்டுவிட்டு ஓடியதும் நான். நீ வாய் திறக்காதே. பத்தொன்பது பிள்ளைகளையும் திரும்பப் பெற்றுக்கொள். எனக்கு அது போதும்.

அருந்ததி

(இணைப்பு)

செபஸ்தியார் குடியிருப்பு மக்களுக்கு,

நான் வீரகத்தி அருந்ததி. கிளிநொச்சியில் புள்ளிவிபர உத்தியோகத்தராக இருக்கிறேன். கடந்த பெப்ரவரி மாதம் உங்கள் வீடுகளுக்கு வந்து, வெளிநாட்டில் இருந்து வரும் பொருட்களையும் அங்கே பெற்றுக்கொள்ளும் சேவைகளையும் பற்றிக் கேட்டேன். நீங்கள் சொல்வது யாருக்கும் தெரியவராது என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். நம்பிச் சொன்னீர்கள்.

ஒரே மஞ்சளை இரண்டு முறை எண்ணாமல் இருப்பதற்காக ஒரு படம் வரைந்தேன். நடுவில் ஒரு வீடு, அதில் இருந்து எட்டு வீட்டுக்கு எட்டுக் கோடு. அதன் கெட்டுப்போன பிரதி ஒன்றை முல்லைத்தீவில் ஒரு கடையில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். அதை ஒருவர் எடுத்துச் சென்றார். அதன் பிறகுதான் பொலிஸ் வந்தது. நான் அதை விற்கவில்லை, கொடுக்கவும் இல்லை. ஆனால் விட்டுவிட்டு வந்தேன் என்று தெரிந்தும் திரும்பிப் போகவில்லை. தெரிந்த பிறகும் ஒரு மாதம் மறைத்தேன்.

கலிஸ்ரா ரீச்சர் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

படத்தில் இருந்தது எட்டு வீடு. ஒன்பதாவது ஒன்று உண்டு. அது என்னுடையது. அரைக் கிலோ மஞ்சள் என் வீட்டுக்கும் வந்தது. நான் அதை எழுதவில்லை.

திரேசம்மாவிடமும், யாக்கோப்புச் சம்மாட்டியிடமும், உங்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். வழக்கில் இதைச் சொல்லக் கூப்பிட்டால் வந்து சொல்வேன்.

வீ. அருந்ததி

*

செபஸ்தியார் குடியிருப்பு
மே 7

அருந்ததி,

பாதர் பூசை முடித்து, மேலுடுப்பைக் கழற்றிவிட்டு வந்து வாசித்தார். நாற்பத்தொரு வீட்டில் இருந்தும் ஆள் வந்திருந்தது. எட்டு வீடு என்று அவர் வாசித்தபோது எட்டு வீட்டுக்காரரும் நிலத்தைப் பார்த்தார்கள். யார் யார் என்று அப்போதுதான் ஊர் முழுக்கத் தெரிந்தது.

ஒன்பதாவது வீடு என்றதும் நிமிர்ந்து ஆளையாள் பார்த்தார்கள். பிறகு திரேசம்மா மாமி இருந்த இடத்தில் இருந்தே சொன்னா:

"அது நான்தான் கட்டிக் குடுத்தனான். அந்தப் பிள்ளை வேண்டாம் எண்டுதான் சொன்னது. நான்தான் வில்லங்கமா வைச்சனான்."

"அப்ப கந்தோரையும் சேத்தெல்லோ ஜீப்பில ஏத்தியிருக்க வேணும்" என்றார் செபமாலை. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு கோயிலடியில் சிரிப்புக் கேட்டது.

பாதர் கடிதத்தை மடித்தார். ஆகவே ரீச்சரில் பிழை இல்லை, பிள்ளைகளை அனுப்புங்கோ என்றார். ஆட்கள் எழும்பத் தொடங்கினார்கள். ஒரு தாய் என்னைப் பார்த்துத் தலையாட்டினா. அந்த நேரம் நான் பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நீயும் அதைத்தான் கேட்டிருந்தாய்.

ஆனால் திரேசம்மா மாமி என்னைப் பார்த்தா. மதுரையில் வெட்டின கண். முன்பெல்லாம் அவவுக்கு ஆட்களை நிழலாகத்தான் தெரியும். இப்போது நேரே பார்க்கிறா. அந்தப் பார்வைக்கு முன்னால் என்னால் இருக்க முடியவில்லை. எழும்பினேன்.

"பாதர், அந்தக் கடிதத்தில ஒண்டு விடுபட்டுப் போச்சுது. அருந்ததி கிணத்தை வலப்பக்கம்தான் கீறினவள். நான்தான் அது பிழை, இடப்பக்கம் எண்டு சொல்லிக் குடுத்தனான்."

முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளக்கிச் சொன்னேன். படத்தில் கிணறும் வீடும் வலப்பக்கமே இருந்திருந்தால், தாளைப் பிடித்துக்கொண்டு வந்தவர் வலப்பக்கம் திரும்பித் தாழம்பற்றைக்குள் போய் நின்றிருப்பார். சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். பிள்ளைகள் படம் கீறும்போது பிழை கண்டால் திருத்துகிற பழக்கம் எனக்கு. அன்றைக்கும் என் விரலால் தொட்டுக் காட்டித் திருத்தினேன். சரியாக இருக்கட்டும் என்று.

 பாதர் மடித்த கடிதத்தைப் பைக்குள் வைத்தார். முடிவு எடுக்காமலேயே கூட்டம் கலைந்தது. திங்கட்கிழமை முன்பள்ளிக்கு அதே ஐந்து பிள்ளைகள்தான் வந்தார்கள்.

நான் சொன்னது சரியோ பிழையோ தெரியாது. உன் கடிதத்தை வீணாக்கிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. உன் வேலையைக் கேட்டு வாங்கியவள் நான். வாங்கியதை இப்படிச் செலவழித்துவிட்டேன். அதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும்.

இன்று விடிய மெல்ரொன் கரைக்குப் போனார். இரண்டு மாதத்துக்குப் பிறகு, யாரும் கூப்பிடாமல். நான் முன்பள்ளி வாசலில் நின்று பார்த்தேன். வலை வளைத்துவிட்டு வள்ளம் திரும்பிவிட்டது. ஆட்கள் கயிற்றைப் பிடித்து நின்றார்கள். மெல்ரொன் போய்க் கடைசி ஆளுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தார். செபமாலை திரும்பிப் பார்த்தார். ஆள் காணும் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்து நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவர் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. முன்பக்கம் திரும்பி இழுக்கத் தொடங்கினார்.

இதை எழுதும்போதும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மீன் சேரும் மடி இன்னும் கடலில் தூரத்தில் கிடக்கிறது. கரைக்கு வந்தபிறகு பங்கு பிரிக்கும்போது அவருக்கு ஏதும் கொடுப்பார்களோ, கையை உதறிவிட்டு வருவாரோ தெரியாது.

உன் இலக்கத்தைத் திறந்துவிட்டேன். நீ எனக்கு அழைப்பு எடுக்காதே. வலை கரைக்கு வரட்டும், நானே உனக்கு எடுக்கிறேன்.

கலிஸ்ரா